கையெழுத்துக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஒருவர் இறந்தால், சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதித் தரும் மரணக் காரணச் சான்றிதழ் மட்டும் இனிப் போதாது. 2024 செப்டம்பர் 9 முதல் அங்கே சட்டம் மாறிவிட்டது. இறந்தவரின் சிகிச்சையில் எந்தப் பங்கும் இல்லாத இன்னொரு மூத்த மருத்துவர் அந்தச் சான்றிதழைப் படிக்க வேண்டும், நோயாளியின் கோப்பைப் புரட்ட வேண்டும், குடும்பத்தார் பேச வாய்ப்புத் தர வேண்டும். அவர் சரி என்று ஒப்பமிட்ட பிறகுதான் சான்றிதழ் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். மரண விசாரணை அதிகாரியான கரோனர் நேரடியாக எடுத்துக்கொள்ளும் மரணங்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஆண்டுக்கு ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இறக்கும் இரு நாடுகளில் இது சிறிய மாற்றம் அல்ல.

இந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு 'மெடிக்கல் எக்ஸாமினர்' என்று பெயர். அமெரிக்கத் தொடர்களில் அதே பெயரில் வருபவர் பிணவறையில் உடலை அறுத்துப் பார்ப்பவர். இங்கிலாந்தின் மரண ஆய்வு மருத்துவர் கத்தியைத் தொடுவதில்லை. அவருடைய கருவிகள் கோப்பும் தொலைபேசியும்தான். குறைந்தது ஐந்தாண்டு முழுப் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும் என்பது தகுதி. நடைமுறையில் முதியோர் மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சை மருத்துவர், குடும்ப மருத்துவர் எனப் பல துறைகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவர்கள் தங்கள் வாரத்தில் ஓரிரு பொழுதுகளை இதற்கு ஒதுக்குகிறார்கள்.

இப்படி ஒரு கண் வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. மரணத்துக்கு மருத்துவர் சான்றிதழ் தர வேண்டும் என்று 1874-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சான்றிதழை யார் சரிபார்ப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது. 1893-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதன் ஓட்டைகளை எடுத்துச் சொன்னது. 1971-ல் பிராட்ரிக் தலைமையிலான அரசுக் குழு மறுபடியும் அதைப் பற்றிப் பேசியது. இதற்கிடையே, உடலை எரித்துவிட்டால் சான்றும் போய்விடும் என்ற அச்சத்தில் தகனத்துக்கு மட்டும் கூடுதல் காவல் போட்டார்கள். 1902-ம் ஆண்டின் தகனச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி முதல் மருத்துவர் ஒரு படிவம் நிரப்ப, இரண்டாவது மருத்துவர் அதை உறுதிசெய்ய, தகனக் கூடத்தின் மருத்துவ நடுவர் மூன்றாவதாகப் பார்த்து அனுமதி தருவார். காகிதத்தில் மூன்று கண்கள் விழித்திருந்தன.

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் என்ற ஊரில் அந்த மூன்று கண்களையும் கடந்துதான் ஹரால்ட் ஷிப்மன் ஆண்டுக்கணக்கில் கொலை செய்தார்.

ஷிப்மன் அந்த ஊரின் குடும்ப மருத்துவர். வீடு தேடி வந்து பார்ப்பவர், முதியவர்களிடம் பொறுமையாகப் பேசுபவர் என்று நல்ல பெயர். அவரிடம் சேர மக்கள் காத்திருந்தார்கள். அவர் டயாமார்ஃபின் என்ற வலிநிவாரணி ஊசி போட்டுக் கொன்றவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். 2000 ஜனவரியில் நீதிமன்றம் 15 கொலைகளுக்கு அவரைக் குற்றவாளி என்றது. பிறகு நீதிபதி டேம் ஜேனட் ஸ்மித் தலைமையில் நடந்த பொது விசாரணை, 2002-ல் வெளியிட்ட முதல் அறிக்கையில் 215 பேரைக் கொன்றிருக்கிறார் என்று உறுதிப்படுத்தியது. இன்னும் 45 மரணங்களில் வலுவான சந்தேகம் இருப்பதாகவும் சொன்னது.

அவர் பிடிபட்டது மருத்துவ முறையின் விழிப்பால் அல்ல. 1998 ஜூனில் இறந்த 81 வயதுப் பெண்மணி ஒருவரின் சான்றிதழில் மரணக் காரணமாக 'முதுமை' என்று எழுதினார் ஷிப்மன். அந்தப் பெண்மணி ஊரில் சுறுசுறுப்பாகச் சமூகப் பணி செய்துகொண்டிருந்தவர். அவருடைய சொத்து முழுவதையும் மருத்துவருக்கு எழுதிவைத்ததாக ஓர் உயில் முளைத்தது. மகள் வழக்கறிஞர். உயிலைப் பார்த்த மாத்திரத்தில் போலி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடலைப் புதைத்திருந்ததால் தோண்டி எடுத்துச் சோதிக்க முடிந்தது. பேராசையில் செய்த அந்த மோசடி இல்லாமல் இருந்தால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

சந்தேகப்பட்டவர்கள் முன்பே இருந்தார்கள் என்பதுதான் இதில் மிகுந்த வேதனை. எதிர்ப்புறக் கிளினிக்கின் மருத்துவர் லிண்டா ரெனால்ட்ஸ், ஷிப்மனின் தகனப் படிவங்களில் இரண்டாம் கையெழுத்துப் போட்டுவந்த குழுவைச் சேர்ந்தவர். தங்கள் கிளினிக்கின் நோயாளிப் பட்டியல் பல மடங்கு பெரியது. ஆனாலும் அந்த ஒற்றை மருத்துவரின் கிளினிக்கில்தான் இறப்பு அதிகம் என்பதைக் கவனித்தார். 1998 மார்ச்சில் கரோனரிடம் சொன்னார். அந்த ஊர் இறுதிச் சடங்கு நடத்துபவர்களுக்கும் ஓர் உறுத்தல் இருந்தது. இறந்தவர்கள் நோயாளிகளைப் போலப் படுக்கையில் கிடப்பதில்லை. நன்றாக உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தார்கள். போலீஸ் மேலோட்டமாக விசாரித்து அடுத்த மாதமே கோப்பை மூடியது. அதன் பிறகு இன்னும் மூன்று பெண்கள் இறந்தார்கள்.

இரண்டாம் கையெழுத்துப் போட்ட மருத்துவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் உடலைப் பார்த்தார்கள், ஷிப்மனிடம் பேசினார்கள், அவர் சொன்னதை நம்பினார்கள். சக மருத்துவரின் வாய்மொழிதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சான்று. நோயாளியின் முழுக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கும் கட்டாயம் இல்லை. காலையில் அம்மாவோடு தொலைபேசியில் பேசிய மகளையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ விசாரிக்கும் வழக்கமும் இல்லை. ஒவ்வொரு படிவத்துக்கும் கட்டணம் உண்டு; மருத்துவர்கள் அதைச் 'சாம்பல் காசு' என்று பேசிக்கொள்வார்கள். ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டுப் போடும் கையெழுத்து, எத்தனை பேர் போட்டாலும், ஒரே கையெழுத்துதான். ஷிப்மன் வழக்கிலிருந்து பிரிட்டன் கற்றிருக்க வேண்டிய முதல் பாடம் இது என்றே படுகிறது.

ஜேனட் ஸ்மித் 2003-ல் வெளியிட்ட மூன்றாவது அறிக்கை முழுக்க இதைப் பற்றியதுதான். எல்லா மரணமும் கரோனர் அமைப்பின் பார்வைக்கு வர வேண்டும், அங்கே சட்டம் தெரிந்த கரோனரோடு மருத்துவம் தெரிந்த கரோனரும் இருக்க வேண்டும் என்றார் அவர். அதே ஆண்டு டாம் லூஸ் தலைமையிலான இன்னொரு மறுஆய்வும் மருத்துவ மதிப்பீட்டாளர் என்ற பதவியைப் பரிந்துரைத்தது. அரசு இரண்டையும் அப்படியே ஏற்கவில்லை. 2009-ம் ஆண்டின் கரோனர்கள் மற்றும் நீதிச் சட்டத்தில் மரண ஆய்வு மருத்துவர் என்ற பதவியைச் சேர்த்தது. பிறகு அதைச் செயல்படுத்தாமல் பதினைந்து ஆண்டுகள் வைத்திருந்தது. செலவை யார் ஏற்பது, இறந்தவரின் குடும்பத்திடம் கட்டணம் வாங்கலாமா என்று இழுபறி நீண்டது. கடைசியில் குடும்பத்திடம் காசு வாங்குவதில்லை என்று முடிவானது.

அந்த இடைக்காலத்திலும் சிலர் சும்மா இருக்கவில்லை. ஷெஃபீல்டு, குளோஸ்டர் உள்ளிட்ட இடங்களில் 2008 முதல் முன்னோட்டமாக நடத்திப் பார்த்தார்கள். ஷெஃபீல்டில் அதை நடத்தியவர் அவசர சிகிச்சை மருத்துவர் ஆலன் ஃபிளெட்சர். 2019-ல் அவரே நாட்டின் முதல் தலைமை மரண ஆய்வு மருத்துவரானார். இன்னொருவர் பார்த்த பிறகு சான்றிதழில் எழுதும் காரணம் கணிசமாக மாறுகிறது என்பது அந்த முன்னோட்டங்களிலேயே தெரிந்தது. தேசியப் புள்ளிவிவர அலுவலகம் சில ஆயிரம் மரணங்களை எடுத்து ஒப்பிட்டபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அடிப்படைக் காரணமே வேறாகிவிட்டது. எந்த நோய்க்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று அரசுகள் முடிவெடுப்பது இந்தச் சான்றிதழ்களை வைத்துத்தான் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

ஆய்வு மருத்துவரின் அலுவலகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? முதலில் வார்டு மருத்துவரோ குடும்ப மருத்துவரோ உத்தேசக் காரணத்தை எழுதி, நோயாளியின் பதிவுகளோடு அனுப்புவார். ஆய்வு மருத்துவர் மூன்று கேள்விகளோடு அதைப் படிப்பார். இவர் உண்மையில் எதனால் இறந்தார்? கரோனருக்குச் சொல்ல வேண்டிய மரணமா? சிகிச்சையில் கவலைக்குரியது ஏதாவது இருந்ததா? பிறகு சான்றிதழ் எழுதிய மருத்துவரோடு பேச்சு. அதன் பிறகு அவரோ, அவருடைய அலுவலரோ குடும்பத்தை அழைப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு, இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிய வகை. சான்றிதழில் நுரையீரல் புற்றுநோய் என்று இருக்கிறது. கோப்பிலும் ஒரு குறையும் இல்லை. தொலைபேசியில் மகள் பேச்சுவாக்கில் சொல்கிறார்: அப்பா இளவயதில் கப்பல் கட்டும் தளத்தில் கொதிகலன்களுக்கு உறை போடும் வேலை பார்த்தார், துணியெல்லாம் வெள்ளைத் தூளாக வீட்டுக்கு வருவார். அந்தத் தூள் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். தொழிலால் வந்த நோய் என்ற சந்தேகம் எழுந்த நொடியே அது கரோனருக்குப் போக வேண்டிய மரணம். குடும்பத்துக்கு இழப்பீடும் கிடைக்கலாம். இதேபோல் 'நிமோனியா' என்று எழுதிய சான்றிதழுக்குப் பின்னால், மூன்று வாரம் முன்பு பராமரிப்பு இல்லத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கதை இருக்கும். படுக்கையில் கிடந்ததால் வந்த நிமோனியா அது. விழுந்தது ஏன் என்று யாராவது கேட்க வேண்டும். அந்தக் கேள்வி பெரும்பாலும் குடும்பத்தின் வாயிலிருந்துதான் வருகிறது.

பழைய முறைக்கும் புதியதற்கும் உண்மையான வேறுபாடு இந்த அழைப்புதான். ஆய்வாளரின் பட்டங்களோ படிவத்தின் நீளமோ அல்ல. மருத்துவம் தெரிந்தவர், மருத்துவமனை சொல்வதையும் வீடு சொல்வதையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார். ஷிப்மனின் நோயாளிகளின் பிள்ளைகளில் பலருக்கு அம்மா முந்தின நாள்வரை கடைக்குப் போய்வந்தது தெரியும். அதைக் கேட்க அப்போது யாரும் இருக்கவில்லை.

இருந்தாலும் இந்த முறை ஷிப்மனைப் பிடித்திருக்குமா என்று கேட்டால், கண்டிப்பாக என்று சொல்ல முடியாது. அவர் நோயாளியின் பதிவுகளையே திருத்தியவர். கணினியில் முன்தேதியிட்டு இல்லாத நோயை எழுதிவைத்தவர். குடும்பங்களில் பலர் அவரைத் தெய்வமாக நினைத்தார்கள். 'கவலை ஏதாவது உண்டா' என்று கேட்டிருந்தால் 'எங்கள் டாக்டர் கடைசிவரை கூடவே இருந்தார்' என்றே பதில் வந்திருக்கும். ஒரு மரணத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் தவறே தெரியாது. அவரைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது மரணங்களின் வரிசை. லெஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் பேக்கர் பின்னாளில் ஷிப்மனின் சான்றிதழ்களை ஒன்றாகப் பரப்பி ஆராய்ந்தபோது, பிற்பகல் வேளையில், வீட்டில், மருத்துவர் அருகிலிருக்கும்போதோ வந்துபோன சற்று நேரத்திலோ நேர்ந்த மரணங்கள் அளவுக்கு மீறி இருந்தன. ஒரு வட்டாரத்தின் எல்லா மரணங்களும் ஒரே அலுவலகத்தின் வழியாகப் போகும்போது இத்தகைய வரிசை கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு யாராவது எண்ணிக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலை தானாக நடக்காது.

அதே பேக்கரின் இன்னொரு ஆய்வுக்கு நேர்ந்த கதி இன்னும் கசப்பானது. தென் இங்கிலாந்தின் காஸ்போர்ட் வார் மெமோரியல் மருத்துவமனையில் முதியோர் வார்டுகளில் தேவையின்றி மார்ஃபின் வகை ஓபியாய்டு மருந்துகள் கொடுக்கப்படுவதாக 1991-லேயே செவிலியர்கள் சொன்னார்கள். நிர்வாகம் அவர்களை அடக்கிவைத்தது. குடும்பங்கள் புகார் மேல் புகார் கொடுத்தன. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் கோரிக்கையில் பேக்கர் அங்கே நடந்த மரணங்களை ஆராய்ந்து 2003-ல் அறிக்கையை ஒப்படைத்தார். ஓபியாய்டு கொடுக்கும் அந்த வழக்கம் சிலரின் ஆயுளைக் குறைத்திருக்கிறது என்பது ஏறக்குறைய உறுதி என்ற அந்த அறிக்கை வெளிவந்தது 2013-ல். லிவர்பூலின் முன்னாள் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான குழு 2018-ல்தான் முழுக் கணக்கைச் சொன்னது: 1989-க்கும் 2000-க்கும் இடையில் 456 பேரின் ஆயுள் குறைக்கப்பட்டிருக்கிறது, பதிவுகள் தொலைந்துபோன நோயாளிகளையும் கணக்கில் கொண்டால் இன்னும் 200 பேராவது இருக்கலாம். மூத்த மருத்துவர் ஒருவர் சுதந்திரமாக, நேர்மையாகத்தான் ஆராய்ந்தார். அந்த அறிக்கை பத்தாண்டு அலமாரியில் இருந்தது. ஆய்வாளரின் சுதந்திரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், முடிவு யாருக்குப் போகிறது, எப்போது வெளிவருகிறது என்பது தீராவிட்டால் அந்தச் சுதந்திரத்தால் நோயாளிக்குப் பயனில்லை.

மரணங்களை ஆராய்ந்து மருத்துவத்தையே மாற்றிய நல்ல முன்னுதாரணமும் பிரிட்டனில்தான் இருக்கிறது. 1952 முதல் அங்கே பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாய் மரணத்தையும் மூத்த மகப்பேறு மருத்துவர்கள் இரகசிய விசாரணை முறையில் ஆராய்கிறார்கள். பெயர், ஊர், மருத்துவமனை எல்லாம் நீக்கப்பட்ட கோப்பு அவர்களிடம் வரும். யாரைத் தண்டிப்பது என்பது கேள்வியே அல்ல. எங்கே தப்பியிருக்கலாம் என்பதுதான் கேள்வி. அந்த அறிக்கைகள் கால் சிரையில் உறையும் இரத்தக்கட்டியைத் தொடர்ந்து சுட்டிக்காட்டின. 1995-ல் சிசேரியனுக்குப் பின் இரத்தக்கட்டியைத் தடுப்பதற்கான வழிகாட்டுதல் வந்தது, அந்த வகை மரணங்கள் குறைந்தன. அண்மைக் காலத்தில் கறுப்பினத் தாய்மார்கள் வெள்ளையினத் தாய்மார்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறக்கிறார்கள் என்பதை நாட்டின் முன் வைத்ததும் இதே விசாரணைதான்.

அறுவைசிகிச்சையிலும் அப்படியே. 1987-ல் வெளியான முதல் பெரிய அறிக்கை மூன்று வட்டாரங்களில் அறுவைசிகிச்சைக்குப் பின் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தது. நள்ளிரவில், மேற்பார்வை இல்லாமல், அனுபவம் போதாத இளம் மருத்துவர்கள் ஆபத்தான நோயாளிகளுக்கு அறுவைசிகிச்சை செய்வதும் மயக்க மருந்து கொடுப்பதும் அதில் வெளிவந்தது. விளைவாக, அவசர நோயாளிகளுக்கென்றே பகலில் ஓர் அறுவை அரங்கம் ஒதுக்கும் வழக்கம் பரவியது. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இன்றும் அந்த அரங்கத்தை 'செபாட் தியேட்டர்' என்கிறார்கள். அந்த விசாரணையின் பெயர்ச் சுருக்கம் அது. இறந்தவர்களின் கோப்பிலிருந்து கட்டிய அறை.

இந்த இரகசிய விசாரணை முறையைப் பார்த்தே கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய் மரணங்களை ஆராய்ந்துவருகிறது. இந்தியாவின் தாய் மரண ஆய்வு வழிகாட்டுதல்களில் அதைத் தாண்டிய ஓர் அம்சமும் உண்டு: மாவட்ட ஆட்சியர் நடத்தும் கூட்டத்துக்கு இறந்த பெண்ணின் உறவினர்களையும் அழைத்துக் கேட்கலாம். ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் 'இங்கே முடியாது' என்று திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் கோப்பில் இராது. உடன் போன கணவருக்கோ தாய்க்கோதான் தெரியும்.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. 2015 மே மாதம் தொடங்கிய அங்குள்ள சேவை எல்லா மரணத்தையும் பார்ப்பதில்லை. பத்தில் ஒன்று என்ற அளவில் சான்றிதழ்களைக் குலுக்கல் முறையில் எடுத்து ஆராய்கிறது. எது தேர்வாகும் என்று தெரியாததால் எல்லா மருத்துவரும் கவனமாக எழுதுவார்கள் என்பது அதன் கணக்கு. சான்றிதழின் தரத்தை உயர்த்த இது போதும். ஆனால் மாதிரிக்குள் வராத பத்தில் ஒன்பது குடும்பங்களை யாரும் அழைக்கப் போவதில்லை. செலவு கூடினாலும் இங்கிலாந்து எடுத்த வழியே மேல்.

அதற்கு அங்கே கொடுக்கும் விலை காலதாமதம். ஆய்வு முடியாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் பொதுவாக அடக்கமோ தகனமோ இல்லை. குடும்ப மருத்துவர்கள் வேலைப்பளுவைச் சொல்லிக் குறைப்படுகிறார்கள். உடனே அடக்கம் செய்ய வேண்டிய முஸ்லிம், யூதக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாளும் ரணம். இறந்த அன்றோ மறுநாளோ எரித்துவிடும் வழக்கத்தில் வளர்ந்த லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கும் பல நாள் காத்திருப்பது எளிதல்ல. விரைவாக முடிக்க வேண்டிய மரணங்களுக்கு விடுமுறை நாட்களிலும் ஆளிருக்க வேண்டும் என்பது ஏட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் அது நடைமுறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அரசின் கடமை. கவனமாகப் பார்ப்பதற்கும் மெதுவாகப் பார்ப்பதற்கும் தொடர்பில்லை. போதிய ஆட்கள் இருந்தால் ஒரே நாளில் முடியும்.

இன்னும் ஆழமான கேள்வி, இவர்கள் எவ்வளவு தூரம் சுதந்திரமானவர்கள் என்பது. ஆய்வு மருத்துவர் தன் நோயாளியின் மரணத்தைத் தானே ஆராயக் கூடாது. தொழில்முறையில் வட்டாரத் தலைமைக்கும் அதன் வழியே தேசியத் தலைமைக்கும் கட்டுப்பட்டவர். ஆனால் சம்பளம் தருவது மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளை. தாழ்வாரத்தில் எதிர்ப்படும் சக நிபுணரின் வார்டைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும். அதோடு, சிகிச்சையில் குறை கண்டால் அவரே விசாரிக்க முடியாது. மருத்துவமனையின் மரண மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குழுவும் மருத்துவமனைக்கு உட்பட்டதுதான்.

அனுபவசாலிகளின் கண்ணும் ஒன்றுபோல் பார்ப்பதில்லை. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பத்து மருத்துவமனைகளில் 2009-ல் இறந்த 1000 பேரின் கோப்புகளை மூத்த மருத்துவர்கள் படித்து, 5.2 விழுக்காட்டினரின் மரணத்தைத் தவிர்த்திருக்க முடியும் என்று கணித்தார்கள். அதே கோப்பை இன்னொருவர் படித்தால் முடிவு மாறுவதும் உண்டு. 2015-ல் 34 மருத்துவமனை அறக்கட்டளைகளில் விரிவாகச் செய்தபோது 3.6 விழுக்காடு. இந்த எண்களை வைத்து எந்த மருத்துவமனை நல்லது என்று தரவரிசை போட முடியாது என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. சரியான முடிவும்கூட. கோப்பைப் படிப்பதன் பயன், இன்ன வார்டில் இன்ன இரவில் இன்ன மருந்து தாமதமானது என்று தெரிவதில் இருக்கிறது. அது அந்த வார்டுக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே அடுத்து வேண்டியது கணக்கு. ஆய்வு மருத்துவர்கள் எத்தனை மரணங்களில் கவலை தெரிவித்தார்கள், அவற்றில் எத்தனையை மருத்துவமனை உண்மையில் விசாரித்தது, என்ன மாற்றியது என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தொலைபேசியில் தன் மனக்குறையைச் சொன்ன குடும்பத்துக்கு அதன் முடிவு எழுத்தில் போக வேண்டும். செத்துப் பிறக்கும் குழந்தைகளின் கோப்பும் இந்த மருத்துவர்களின் மேசைக்கு வர வேண்டும். மோர்கம் பே பகுதி மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவில் நடந்த தவறுகளை விசாரித்த பில் கிர்கப் 2015-லேயே இதைப் பரிந்துரைத்தார். இன்றும் அந்தக் குழந்தைகள் இந்த ஆய்வுக்கு வெளியில்தான் இருக்கிறார்கள். உயிரோடு பிறக்கவில்லை என்பதால் கரோனரின் விசாரணைக்கும் வெளியில்.